சைக்கிள் யாருடையது?

தன் சைக்கிளுக்கு 'கிளாடிஸ்' என்று பெயர் வைத்தார் ஒரு பெண்மணி. பெயர் வைத்தபோது அவர் பள்ளி மாணவி அல்ல. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது! அமெரிக்காவில் மதுவிலக்குக்காகப் போராடிய கிறிஸ்தவப் பெண்கள் சங்கத்தின் தலைவி அவர். பெயர் பிரான்செஸ் வில்லார்ட். 1879 முதல் 1898இல் இறக்கும் வரை அந்தச் சங்கத்தை நடத்தியவர். பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவர்.

1892இல் அவருடைய தாயார் இறந்தார். மனமும் உடம்பும் தளர்ந்து போயிருந்த அந்தக் காலத்தில்தான் வில்லார்ட் சைக்கிள் கற்றுக்கொள்ளத் தீர்மானித்தார். வயது 53. தினமும் கால் மணி நேரம் வீதம், ஏறத்தாழ மூன்று மாதம் பழகினார். மொத்தக் கணக்கு 22 மணி நேரம் என்று அவரே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். கற்றுக்கொண்ட வரிசைதான் வேடிக்கை. முதலில் பெடல் போடுவது, அடுத்து திருப்புவது, அப்புறம் இறங்குவது, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் ஏறுவது! ஆரம்பத்தில் ஆட்கள் கூடவே நின்று பிடித்துக்கொண்டார்கள். இந்த அனுபவத்தை 1895இல் ஒரு சிறு புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். அந்தச் சைக்கிள் தன் உடம்புக்கும் மனதுக்கும் கொடுத்த மகிழ்ச்சியை வைத்துத்தான் கிளாடிஸ் என்ற பெயர். ஆங்கிலத்தில் 'மகிழ்ச்சி' என்ற பொருள் தரும் சொல்லின் ஒலி அதில் இருக்கிறது.

சிறு வயதில் வில்லார்ட் விஸ்கான்சின் மாநிலத்துப் பண்ணையில் ஓடி ஆடி வளர்ந்தவர். பதினாறு வயதானதும் நீளப் பாவாடையும் இடுப்பை இறுக்கும் உள்ளாடையும் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அன்றைக்குப் பறிபோன ஓட்டம் ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து இரண்டு சக்கரத்தின் மேல் திரும்பி வந்தது. ஒரு இரும்பு வண்டிக்குப் பெயர் வைத்துச் செல்லம் கொஞ்சுவது என்றால் சும்மாவா?

மனிதன் தன் சைக்கிள் மீது வைக்கும் பாசம் தனி ரகம்தான். பஸ் மீதோ ரயில் மீதோ அப்படி வருவதில்லை. சைக்கிள் ஓடுவதற்கு ஓட்டுபவரின் உடம்பே என்ஜின் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். மிதித்தால் போகும், நிறுத்தினால் நிற்கும், எதிர்காற்று அடித்தால் மூச்சு வாங்கும். எந்த மேட்டில் செயின் கழலும், எந்தப் பள்ளத்தில் மட்கார்டு கடகடக்கும் என்று ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்கும்.

இனி வண்டியின் கதை. 1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்தில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் மரத்தால் ஒரு இரு சக்கர வண்டி செய்தார். அதில் பெடல் கிடையாது, செயின் கிடையாது. இரண்டு பக்கமும் காலை ஊன்றித் தரையை உந்தித் தள்ளிக்கொண்டே ஓட வேண்டும். அந்த ஆண்டு ஜூன் 12ஆம் தேதி அதில் ஏறி ஊருக்கு வெளியே போய்த் திரும்பினார். குதிரை இல்லாமல் மனிதன் இரண்டு சக்கரத்தில் விழாமல் போக முடியும் என்பது அன்றைக்குத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. (1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அதனால் ஐரோப்பாவில் விளைச்சல் கெட்டு, குதிரைத் தீவனத்துக்குப் பஞ்சம் வந்ததால்தான் இந்த வண்டி பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உறுதியான சான்று இல்லை.)

1860களில் பாரீஸில் முன்சக்கரத்தில் பெடல் வைத்தார்கள். அது போன வேகத்தையும் கொடுத்த உலுக்கலையும் பார்த்து 'எலும்பு உலுக்கி' என்று ஆங்கிலேயர்கள் பெயர் வைத்தார்கள். அடுத்து வந்தது ஆள் உயர முன்சக்கரமும் குட்டியூண்டு பின்சக்கரமும் கொண்ட வண்டி. சர்க்கஸ் படங்களில் பார்த்திருக்கலாம். அதிலிருந்து விழுந்தால் தலைகுப்புறத்தான். பாவாடை கட்டிய பெண்ணுக்கும் வயதானவர்களுக்கும் அது தூரத்தில் நின்று பார்க்க மட்டும்தான்.

1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற சைக்கிளைக் கொண்டு வந்தார். கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள இரண்டு சக்கரங்கள், நடுவில் பெடல், செயின் மூலம் பின்சக்கரத்துக்கு ஓட்டம். இன்றைக்கு ஓடும் சைக்கிளுக்கும் அதற்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் கிடையாது. 1888இல் பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காகக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். மகனுக்காகச் செய்தது உலகத்துக்கே உதவியது! (இந்த யோசனைக்கு ராபர்ட் தாம்சன் என்பவர் 1840களிலேயே காப்புரிமை வாங்கியிருந்தார் என்பது தனிக்கதை.)

அதற்குப் பிறகு சைக்கிள் காட்டுத்தீ போலப் பரவியது. பெண்களும் ஏறினார்கள். ஏறியவுடன் எதிர்ப்பும் கிளம்பியது. பெண்கள் சைக்கிள் ஓட்டினால் முகம் இறுகி அழகு கெட்டுவிடும் என்று பத்திரிகைகள் எழுதின, அதற்கு 'சைக்கிள் முகம்' என்று ஒரு நோய்ப் பெயரும் வைத்தார்கள்! சிரிப்பாக இருக்கிறது. ஆனால் 1897 மே மாதம் கேம்பிரிட்ஜில் நடந்தது சிரிக்கிற விஷயம் அல்ல. தேர்வு எழுதும் மாணவிகளுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று பல்கலைக்கழகம் வாக்கெடுப்பு நடத்தியது. எதிர்ப்புத் தெரிவிக்க மாணவர்கள் ஒரு பொம்மையைத் தெருவுக்கு மேலே தொங்கவிட்டார்கள். சைக்கிள் ஓட்டும் பெண்ணின் பொம்மை! தீர்மானம் பெரும் வித்தியாசத்தில் தோற்றது. வெற்றிக் களிப்பில் அந்தப் பொம்மையை இழுத்துப் போட்டுப் பிய்த்தார்கள். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க 1948 வரை ஆனது.

படிக்க வந்த பெண்ணைக் கேலி செய்ய அவர்களுக்கு ஏன் புத்தகமோ பேனாவோ தோன்றவில்லை, ஏன் சைக்கிள் தோன்றியது? படித்த பெண்ணைவிட, படித்துவிட்டுத் தனியாக எங்கே வேண்டுமானாலும் போகக்கூடிய பெண்தான் அவர்களுக்குப் பயம் தந்திருக்கிறாள்.

இந்தியாவுக்கு ராலே, ஹெர்குலிஸ், ஹம்பர், பிஎஸ்ஏ, பிலிப்ஸ் என்று எல்லாமே இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவைதான். (பிஎஸ்ஏ என்பது பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்த கம்பெனி. அதன் பழைய சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும்.) முதலில் வெள்ளைக்கார அதிகாரிகள், பிறகு வக்கீல்கள், வாத்தியார்கள், தபால்காரர்கள் என்று மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு இங்கேயே தொழிற்சாலைகள் வந்தன. 1949இல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். தொழிற்சாலை அம்பத்தூரில். சோனிபட்டில் அட்லஸ் 1951இல் தொடங்கியது, லூதியானாவில் ஹீரோ 1956இல். உலகத்திலேயே அதிகமாகச் சைக்கிள் செய்யும் நிறுவனம் என்று 1986இல் ஹீரோவின் பெயர் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

தமிழ்நாட்டில் 'மிதிவண்டி' என்று பாடப்புத்தகம் சொன்னாலும், வீட்டிலும் தெருவிலும் அது சைக்கிள்தான். அந்தச் சைக்கிளைக் கொண்டாடிய விதமே ஒரு வரலாறு. கல்யாணச் சீரில் கைக்கடிகாரம், ரேடியோவோடு சைக்கிளும் இருக்கும். நகராட்சியிலும் பஞ்சாயத்திலும் வரி கட்டி வில்லை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டிய காலம் ஒன்று இருந்தது. இரவில் விளக்கு இல்லாமல் போனாலோ டபுள்ஸ் அடித்தாலோ போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார். டயரில் உரசிச் சுற்றும் டைனமோ, வேகம் கூடினால் பிரகாசிக்கும், நின்றால் அணைந்துவிடும். சக்கரத்தின் ஹப்பில் கலர் கலராகக் குஞ்சம், சீட்டுக்கு உறை, செயின் கவரில் பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு கம்பியாகத் துடைப்பார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம், மாலை.

சைக்கிள் இல்லாத வீட்டுப் பையன்களுக்கு வாடகைக் கடை இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக்கொண்டு கொடுப்பார்கள். கால் எட்டாத பையன் சீட்டில் உட்கார முடியாது. நடுவில் உள்ள முக்கோணத்துக்குள் ஒரு காலை நுழைத்து, உடம்பைக் கோணலாக வளைத்து மிதிப்பான். அதற்குக் குரங்குப் பெடல் என்று பெயர். 2024இல் இதே பெயரில் ஒரு தமிழ்ப் படமே வந்தது.

இதையெல்லாம் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். 'பையன்', 'துடைப்பார்', 'வாத்தியார்' என்று வருகிறதே தவிர, பெண் எங்கே? பெண் கேரியரில் இருந்தாள். ஒரு பக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, அவர் எப்போது கூட்டிப் போவார் என்று காத்திருந்து. வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தால் அது அப்பாவின் சைக்கிள், அல்லது அண்ணனின் சைக்கிள். அம்மாவின் சைக்கிள் என்று யாரும் சொன்னதில்லை. பட்டணத்தில் கல்லூரிக்குப் போகும் சிலர் விதிவிலக்கு.

இந்தக் கணக்கை மாற்றிய இடம் புதுக்கோட்டை.

1948 வரை தனி சமஸ்தானமாக இருந்து, 1974இல் தனி மாவட்டமானது புதுக்கோட்டை. வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் விவசாயம், இல்லையென்றால் கல் குவாரி, கூலி வேலை. பஸ் எப்போதாவது வரும். அப்படிப்பட்ட மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குத் தொண்டர்கள் மாலை வேளையில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டிய பெண் தொண்டர்களுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிய வேண்டும் என்று நினைத்தார். அதோடு நிறுத்தவில்லை. எழுத்தறிவுப் பாடத்தோடு சைக்கிளையும் ஒரு பாடமாகச் சேர்த்துவிட்டார்!

முதலில் தொண்டர்கள் கற்றார்கள். அவர்கள் ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, படிக்க வந்த பெண்கள் 'எங்களுக்கும்' என்றார்கள். விவசாயக் கூலிகள், குவாரியில் கல் உடைப்பவர்கள், செயற்கைக் கல் பட்டை தீட்டுபவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம செவிலியர்கள், ஆசிரியைகள் என்று வரிசை நீண்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, விழுந்து, முட்டியில் சிராய்த்து, மறுபடி ஏறினார்கள். சைக்கிள் கற்கச் சொல்லி அறிவொளிப் பாட்டு ஒன்றும் வந்தது. கேலி பேசியவர்கள் இல்லாமல் இல்லை. ரோட்டில் போகும்போது ஆண்கள் சொன்ன வார்த்தைகளை அந்தப் பெண்கள் மறக்கவில்லை, ஆனால் அதற்காக இறங்கவும் இல்லை. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஆட்சியர் ஏற்பாடு செய்தார். ஒன்றியத்துக்கு ஒன்றியம் பயிற்சிப் பொறுப்பு பிரித்துக் கொடுக்கப்பட்டது.

1992 மார்ச் 8, உலக மகளிர் தினம். ஹேண்டில் பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு, 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் வந்தார்கள். நகரமே திகைத்துப் போய்ப் பார்த்தது.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்த ஆண்டுகளில் அங்கே போய் எழுதிய கட்டுரையால்தான் இந்தக் கதை வெளியுலகுக்குப் பெரிதாகத் தெரிந்தது. 1996இல் வந்த அவருடைய வறட்சி பற்றிய நூலில் அந்தக் கட்டுரை இடம்பெற்றது. மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றதாகவும், பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுமிகளை விட்டுவிட்டால் கிராமப் பெண்களில் நான்கில் ஒருவர் கற்றுவிட்டதாகவும் அவர் எழுதினார். 'ஊர்வலம் ஒரு நாள் கூத்து' என்று ஒதுக்க முடியாத எண்ணிக்கை இது.

அந்தக் கட்டுரையில் வரும் ஒரு விஷயம் அலாதியானது. லேடீஸ் சைக்கிளுக்குக் கடும் தட்டுப்பாடு. ஒரே ஆண்டில் அதன் விற்பனை 350 சதவீதம் கூடியது என்று ஒரு கடைக்காரர் சொல்கிறார். காத்திருக்கப் பொறுமையில்லாத பெண்கள் நடுவில் கம்பி உள்ள ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். வாங்கிய பிறகு சிலருக்கு அதுதான் பிடித்தது. காரணம், சீட்டிலிருந்து ஹேண்டில் வரை போகும் அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம்! பின்னால் கேரியரில் குடம், முன்னால் கம்பியில் பிள்ளை.

கேரியரில் உட்கார்ந்து வந்தவள் கேரியரில் சுமை ஏற்றுபவள் ஆனாள் என்பதுதான் அங்கே நடந்த மாற்றம். நாலைந்து கிலோமீட்டர் நடந்து கொண்டு வந்த தண்ணீர் சைக்கிளில் வந்தது. விளைபொருளை விற்கப் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. முன்பு பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டு போய் விடவே அப்பாவையோ புருஷனையோ அண்ணனையோ எதிர்பார்க்க வேண்டும். பஸ் போகிற ஊர்களில் மட்டும்தான் வியாபாரம். மாலைக்குள் வீடு திரும்பிப் பிள்ளைகளையும் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். சைக்கிள் வந்த பிறகு இன்னும் நாலு ஊர் கூடப் போக முடிந்தது. கையில் நாலு காசும் மிஞ்சியது. ஆனால் பணத்தை மட்டும் வைத்து இதை அளந்தால் அந்தப் பெண்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். யாரையும் கேட்காமல் கிளம்ப முடிகிறதே, அதைத்தான் அவர்கள் பெரிதாகச் சொன்னார்கள். வில்லார்டுக்கு 53 வயதில் கிடைத்ததும் அதே பொருள்தான். புதுக்கோட்டைப் பெண்கள் யாரும் தங்கள் சைக்கிளுக்குக் கிளாடிஸ் என்று பெயர் வைக்கவில்லை. 'என் சைக்கிள்' என்றார்கள். அந்த ஊரில், அந்தக் காலத்தில் அது அதைவிடப் பெரிய பெயர்.

இன்னொரு விநோதம். இந்தப் புதுக்கோட்டைக் கட்டுரையின் இந்தி வடிவம் என்சிஇஆர்டியின் 8ஆம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. உத்தரப் பிரதேசத்திலும் டில்லியிலும் உள்ள பிள்ளைகள் புதுக்கோட்டைப் பெண்களைப் பற்றிப் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்?

கால ஓட்டத்தில் சைக்கிளின் இடத்தை மொபெட்டும் ஸ்கூட்டரும் பிடித்தன. அறிவொளித் தொண்டர்களுக்கே யூனிசெஃப் 50 மொபெட்டுகள் கொடுக்க முன்வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 2001 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் இந்திய வீடுகளில் 11.7 சதவீதத்தில் இருந்த ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் வகை வண்டிகள் 2011இல் 21 சதவீதத்துக்கு உயர்ந்தன. ஆனாலும் அதே 2011இல் சைக்கிள் வைத்திருந்த வீடுகள் 44.8 சதவீதம். பத்து ஆண்டுக்கு முன்பு இருந்ததைவிடச் சற்று அதிகமே! சைக்கிள் செத்துவிட்டது என்று சொல்பவர்கள் பெரிய நகரத்தின் பெரிய ரோட்டை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள். தொழிற்சாலைகளின் கதைதான் வேறு. 2020 ஜூன் 3ஆம் தேதி, ஐ.நா. அறிவித்த உலக சைக்கிள் தினத்தன்றே, சாகிபாபாத்தில் இருந்த அட்லஸ் தொழிற்சாலை மூடப்பட்டது.

சைக்கிள் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பியது. தமிழ்நாட்டில் 2001-02இல் 11, 12ஆம் வகுப்பு படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு 2005-06இல் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஐந்து கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் மேல்நிலைப் பள்ளி இருந்தால், பத்தாவதோடு படிப்பை நிறுத்தப்படுவது பெரும்பாலும் பெண் பிள்ளைதான். பஸ்ஸை நம்பி அனுப்பப் பெற்றோருக்குப் பயம். அந்த இடத்தில் சைக்கிள் போய் நின்றது. 2006இல் பீகாரும் 9ஆம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த மாணவிகள் 32 சதவீதம் கூடினார்கள், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளிக்கூடம் தூரமாக இருந்த ஊர்களில்தான் இந்தப் பலன் அதிகம்.

இலவசம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. கொடுத்த சைக்கிளை விற்றுவிடுகிறார்கள், அப்பா எடுத்துக்கொண்டு போய்விடுகிறார் என்ற குறைகளும் கேட்கும். அப்பா எடுத்துப் போகலாம்தான். ஆனால் அவர் எடுத்துப் போவது மகளின் சைக்கிளை. பள்ளிக்கூடத்து மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, அவள் கையில் கொடுத்த வண்டி அது. மாலையில் திருப்பிக் கொண்டு வந்து விட வேண்டும்.

தமிழ்நாடு அரசு கொடுக்கும் சைக்கிளில் மாணவர்களுக்கு ஒரு மாதிரி, மாணவிகளுக்கு ஒரு மாதிரி. மாணவிகளுக்கான வண்டியில் பாவாடை தடுக்காமல் இருக்க நடுக்கம்பி தாழ்ந்திருக்கும், முன்னால் கூடை இருக்கும். கூடையில் புத்தகப் பை, சாப்பாட்டுத் தூக்கு. புதுக்கோட்டையில் பிள்ளையை உட்கார வைக்க அம்மாக்கள் விரும்பி எடுத்த அந்தக் குறுக்குக் கம்பி மட்டும் மகள்களின் வண்டியில் இல்லை. கூட வரும் தோழி கேரியரில் உட்கார்ந்துகொள்கிறாள், மேடு வந்தால் இருவரும் இறங்கித் தள்ளுகிறார்கள்.